ஆகாரைக் கண்டவர்



திண்டுக்கல் வீடுகளில் மாலை செபமாலை தொடங்கும் நேரத்தில்தான் அமெரிக்காவில் அலுவலகம் திறக்கிறது. மாடி அறையில் இருந்தபடியே அங்குள்ள கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. 2020-இல் கொரோனாவோடு வீட்டுக்கு வந்த வேலை சிலருக்கு இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா சமைத்த சோறு, ஞாயிறு திருப்பலிக்குச் சொந்தப் பங்கு. நல்லதுதான்.

ஆனால் சில கம்பெனிகள் கொடுக்கும் மடிக்கணினிக்குள் கண்காணிப்புச் செயலி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது திரையைப் படம் பிடிக்கும். விசைப்பலகையை எத்தனை முறை தட்டினார்கள், மவுஸ் எப்போது அசைந்தது என்று எண்ணும். அசையாத நேரமெல்லாம் சும்மா இருந்த நேரம். கன்னத்தில் கைவைத்து யோசிப்பவர் அதன் கணக்கில் சோம்பேறி! சில இடங்களில் கேமராவும் திறந்தே இருக்க வேண்டும். பின்னால் நடமாடும் தாயும் குழந்தையும்கூடப் பதிவாகிறார்கள்.

நெதர்லாந்தில் ஒருவர், நாள் முழுக்கக் கேமராவைத் திறந்துவைக்க மறுத்து வேலை இழந்தார். 2022-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் 2017-இலேயே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவர் தகவலைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. இந்தச் சன்னலுக்கு இன்னும் பூட்டு வரவில்லை.

தொடக்கநூல் 16-ஆம் அதிகாரத்தில் ஆகார் என்ற அடிமைப்பெண்ணைச் சந்திக்கிறோம். கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடியவள். அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவளைப் பணிப்பெண் என்றே சொல்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஆண்டவருடைய தூதர்தான். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவரும் அவரே. அதனால்தான் அவள் கடவுளுக்குத் தன்னைக் காண்பவர் என்று பெயரிட்டாள். அதுவரை அவள்மேல் கண்கள் இல்லாமலா இருந்தன? இப்படிக் கேட்ட கண் இல்லை.

நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல் ஆடைத் தொழிற்சாலையில் வேலைபார்த்த இளம்பெண் ஒருவர் கொலையுண்ட துயரத்துக்குப் பின், 2022-இல் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் 'திண்டுக்கல் ஒப்பந்தத்தை'ப் பெற்றது. அந்த ஒப்பந்தத்திலும் கண்காணிப்பு இருந்தது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற தொழிலாளப் பெண்கள். பார்க்கப்பட்டது, யாராவது துன்புறுத்தப்படுகிறார்களா என்பது. சங்கம் என்றாலே கூச்சப்படும் நம் கம்ப்யூட்டர் பிள்ளைகள் இந்த அக்காமாரிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

வேலையில் சேருகிறவர்களே, கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேளுங்கள்: எதைப் பதிவு செய்வீர்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், வேலை முடிந்ததும் அது நிற்குமா?

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கடையில் மாட்டிய கேமரா கல்லாவைப் பார்க்கிறதா, வேலைக்கார அக்கா உட்கார்ந்து சாப்பிடும் மூலையைப் பார்க்கிறதா என்று இன்றைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.