பனிக்கால விருந்தாளி



அன்றில், மகன்றில், நாரை, குருகு என்று பறவைகளைப் பெயர் சொல்லிப் பாடியவர்கள் சங்கப் புலவர்கள். நமது இன்றைய கதைகளிலோ ஏதோ ஒரு குருவி கத்திவிட்டுப் பறந்து போகிறது. பெயர் தெரியாத பறவை ஒருநாள் வராமலே போனாலும் நமக்குத் தெரியப் போவதில்லை. ஆகவே இன்று ஒரு பறவையை அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் அதனைப் 'பைட் திரஷ்' என்பர். தமிழில் கருவெள்ளைப் பூங்குருவி எனலாம். இமயமலைச் சாரலிலே குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தைக் கழிக்க 2,000 கிலோ மீற்றருக்கு மேல் பறந்து நமது மலைநாட்டுக்கு வருகிறது. தென்னிந்திய மலைகளிலும் சில தங்குவதுண்டு. ஒக்டோபர் கடைசியில் வந்தால், பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும்.

இதை இனங்காண்பது எப்படி? ஆண் பறவைக்குத் தலையும் மார்பும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளை, அலகு மஞ்சள். வீட்டு முற்றத்துக்கு வரும் குண்டுக்கரிச்சானும் கருவெள்ளைதான். ஆனால், அதற்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவம். இறகுகளிலும் வெண்புள்ளிகள் தெரியும். பெண் பறவையோ தவிட்டு நிறம். வேறோர் இனமென்றே பலர் நினைப்பர். அதற்கும் வெளிறிய புருவம் உண்டு. புருவத்தைப் பாருங்கள்; ஐயம் தீர்ந்துவிடும்.

கூச்ச சுபாவமுள்ள பறவை இது. இங்கிருக்கும் காலத்தில் அதிகம் குரல் எழுப்பாது. விடியலிலும் அந்தியிலும் நிழலான இடங்களில் தரையிலிறங்கி, உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடும். சிறு பழங்களையும் உண்ணும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் வந்து காத்து நிற்பார்கள். அந்தப் பூங்காவின் ஓரத்தால் தினமும் நடக்கும் நம்மவர் பலருக்கு அப்படியொரு விருந்தாளி இருப்பதே தெரியாது.

இங்கேதான் கவலையும் இருக்கிறது. நமக்குக் குப்பையாகத் தெரியும் சருகுதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. அழகுபடுத்துகிறோம் என்று சருகையெல்லாம் கூட்டி எரித்து, பற்றைகளை வெட்டிவிட்டால், இமயத்திலிருந்து வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டவர்களாவோம். மரநிழலில் சிறிதளவு சருகை விட்டுவைப்பது பெரிய செலவான காரியமா?

எழுத்தாள நண்பர்களே, உங்கள் கதையில் நுவரெலியாவின் மார்கழிப் பனி வரும்போது, சருகைப் புரட்டும் இந்த வெண்புருவக்காரனும் தன் பெயரோடு வரட்டும்.