கண்டென்சர் நல்லதா, கெட்டதா?

(மட்டாஞ்சேரி ஜூ டவுனில், படிப்போர் கூட்டத்தில் பேசியது)



பாட்டரி ரேடியோ கரகரக்கிறது. பாட்டு மெலிகிறது. உடனே தூக்கிப் போடலாமா? வேண்டாம். உள்ளே ஒரு கண்டென்சர் மட்டும் கெட்டிருக்கலாம்.

கண்டென்சர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு டப்பா. இங்கே பக்கத்தில் டச்சு அரண்மனை இருக்கிறதல்லவா? அந்த டச்சுக்காரர் நாட்டில், லைடன் நகரில், 1746-ல் தண்ணீர்ப் புட்டியில் மின்சாரத்தைச் சேர்த்தார்கள். தொட்டவரைத் தூக்கிப் போட்டது! அதுவே முதல் கண்டென்சர்களில் ஒன்று.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் ஈரம் உண்டு. சூட்டில் அது மெல்லக் காய்ந்துவிடும். அப்போது கண்டென்சர் கெடும்.

சோதிக்க என்ன வேண்டும்? 9 வோல்ட் பாட்டரி, ஒரு எல்.இ.டி. விளக்கு, 1000 ஓம் ரெசிஸ்டர், இரண்டு ஒயர். ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம் இருக்கும்.

பாட்டரியின் கூட்டல் முனையில் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். அதன் மறுமுனையில் விளக்கின் நீளக் காலைக் கட்டுங்கள். குட்டைக் காலில் சிவப்பு ஒயர். பாட்டரியின் கழித்தல் முனையில் கறுப்பு ஒயர். இரண்டு ஒயரையும் சேர்த்தால் விளக்கு எரிய வேண்டும்.

இனி கண்டென்சரைச் செட்டிலிருந்து கழற்றுங்கள். அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 16 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வேறொரு 1000 ஓம் ரெசிஸ்டரை இரு கால்களுக்கும் குறுக்கே பத்து விநாடி வையுங்கள். மிச்ச மின்சாரம் போய்விடும்.

கழித்தல் கோடு போட்ட பக்கத்துக் காலில் கறுப்பு ஒயர். மற்றதில் சிவப்பு. மாற்றி வைக்காதீர்கள்.

விளக்கு மின்னி, மெல்ல அணைந்தால் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மின்னவே இல்லையென்றால் கெட்டது. அணையாமல் பளிச்சென்று எரிந்தாலும் கெட்டது. மறுபடி சோதிக்கும் முன் மறுபடி மின்சாரத்தை வடியுங்கள்.

100 மைக்ரோஃபாரடுக்கும் குறைந்ததில் மின்னல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் அதைக் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எவ்வளவு பிடிக்கிறது என்று சரியாக அறிய மீட்டர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டி.வி., மின்விசிறி போன்று வீட்டுக் கரண்டில் ஓடுபவற்றைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும். ஆளையே கொல்லும். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

எண்ணையும் குறியையும் படிக்கத் தெரிந்த கைக்கு இந்த வேலை எளிது. படித்துப் பார்த்துச் செய்யுங்கள்.