மூர்க்கச் சேவலை அடக்கும் முறை
(பாமன்கடை வீட்டுத்தோட்டக்காரருக்கு நிகழ்த்திய பேச்சு)



நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசவேண்டிய இடத்திலே சேவலைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், கத்தரிப் பாத்திக்கு நீரூற்றச் செல்பவரின் காலிலே பாய்வதும், வளவில் குந்தி விளையாடும் பிள்ளையின் முகத்திலே பாய்வதும் அச்சேவலே. குழந்தையின் கண் அதன் அலகுக்கும் முள்ளுக்கும் எட்டும் உயரத்திலுள்ளது என்பதை மறத்தலாகாது.

சேவலின் போர்க்குணம் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்ட நடுகல்லொன்று உளது. நம் முன்னோர் அதனை வீரமென மெச்சினர். நம் முற்றத்திலோ அது தொல்லையாகின்றது.

ஐந்தாறு மாதத்தில் பருவமெய்திய சேவல், பேடுகளையும் இடத்தையும் தன்னுடைமையாகக் கொள்கின்றது. கோழிகளிடையே மேல் கீழ் என்னும் வரிசையுண்டு. தனிக்குஞ்சாகக் கையில் வளர்ந்த செல்லச் சேவலுக்கு மனிதரிடம் அச்சமில்லை. ஆதலின் நம்மையும் அவ்வரிசையில் ஒருவராக எண்ணிப் போருக்கழைக்கின்றது. செல்லமே பகையாவது இவ்வாறுதான். பாமன்கடை போன்ற, வேலியோடு வேலி நெருங்கிய வளவுகளில் ஒதுங்க இடமின்மையால் இது மிகும்.

ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வருமாயின், பாயப்போகின்றது என்றறிக. அப்போது ஓடாதீர், உதைக்கவும் வேண்டாம். ஓடினால் தான் வென்றதாகக் கருதும். உதைத்தால் போரை ஏற்றதாகக் கருதும். சுளகொன்றைக் கேடயமாகப் பிடித்து, அசையாது நின்று, அது விலகியபின் நகர்க. பின்னர் அதனைப் பிடித்து, சிறகுகளை அடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடங்கும்வரை உங்கள் வேலையைப் பார்த்து நடந்திடுக. பகலில் பிடிபடாத சேவலும், இருளில் கண் தெரியாமையால், இரவில் எளிதில் அகப்படும். நாள்தோறும் இவ்வாறு செய்யின் பல சேவல்கள் தணியும்; எல்லாம் தணியுமென்று நான் உறுதி கூறேன்.

முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே எலும்பும் குருதியோட்டமும் இருத்தலின் அடியோடு வெட்டலாகாது. எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். முள் குத்திய புண்ணைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்புத் தடுப்பூசிக்காக வைத்தியரிடம் செல்க. கண்ணில் பட்டிருப்பின் ஒருகணமும் தாமதிக்கற்க.

சிறுபிள்ளையுள்ள வீட்டில், எவ்வளவு பழக்கியும் பாயும் சேவலை, பிள்ளை அழுதாலும், வைத்திருத்தல் தகாது. முட்டை பொரிக்கவும் அதனைப் பயன்படுத்தாதீர்; அக்குணம் குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடும். குணத்தை மறைத்து அயலாருக்கு விற்பது அதனினும் தீது. முடிவு செய்யும்வரை தனிக்கூட்டில் அடைத்து, தீனியும் நீரும் வெளியிலிருந்தே வைக்கும்படி வாயிலமைத்துக்கொள்க.