வங்கிக் கடன் வழக்கும் ராஜியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கலை நிகழ்ச்சிகளுக்கு முன்பாகக் கடனைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது நேரம் தந்திருக்கிறார்கள். குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கையில் வட்டிக் கணக்குப் பேசுவது துணிச்சலான காரியமே. எனினும் யாருக்கேனும் ஜாமீன் கையெழுத்திடாத வீடு நம் காலனியில் அருமை. ஆதலின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டுகளில் நம்மவர் ஒருவர் கடை வைப்பதற்காக ஒரு வங்கியில் கடன் பெற்றார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஜாமீன் நின்றார். கடை நொடித்தது. அசலும் வட்டியுமாக 3,71,000 ரூபாய் கேட்டு வங்கி இருவர் மேலும் வழக்குத் தொடுத்தது. ஜாமீன்தாருக்கு ஓய்வு பெற மூன்றாண்டே இருந்தது. மணமாகாத மகளும் உண்டு. இரு வீட்டாரும் குழாயடியில் கூடப் பேசிக்கொள்வதில்லை என்னும் நிலை வந்தது.

வழக்கு நடக்கும்போதே இரு திறத்தாரும் ராஜி செய்துகொள்ளலாம். 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 23ஆம் கட்டளை, 3ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரர்கள் கையெழுத்திட வேண்டும். அது சட்டத்துக்கு உட்பட்டதென நீதிபதி நிறைவடைந்தால் அதன்படியே டிக்ரி ஆகும். மற்றொரு வழி லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம். நாம் வாழும் இந்தக் குஜராத்தில், ஊனாவில், 1982ஆம் ஆண்டிலேயே அது கூடியது. பின்னர் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தீர்வுக்கு டிக்ரியின் வலிமையை அளித்தது. அங்கே வழக்கு முடிந்தால் வாதி கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்தொகையைத் தம் கணக்கில் கழிக்குமாறு கடனாளி கேட்பதில் தவறொன்றும் இல்லை. வாய் திறந்து கேட்போர்தாம் குறைவு.

நம் நண்பர்கள் விஷயத்தில் வங்கி 2,88,000 ரூபாய்க்கு இசைந்தது. மாதம் 12,000 வீதம் 24 தவணை. எல்லோருக்கும் மகிழ்ச்சி, பேனாவையும் எடுத்துவிட்டார்கள். காகிதமோ குஜராத்தியில் இருந்தது. ஜாமீன்தாரின் மனைவியார்தாம், "முழுவதும் படித்துச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடட்டும்" என்று நின்றுவிட்டார். படித்துப் பார்த்தால், ஒரு தவணை தவறினாலும் தள்ளிய தொகை முழுவதும் வட்டியோடு உயிர்பெறும் என்றிருந்தது. ஜாமீன்தாரின் பொறுப்போ முன்போலவே நீடித்தது.

இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஜாமீன்தாரின் சம்மதமின்றிக் கடன் கொடுத்தவர் கடனாளியோடு சமரசம் செய்தால் ஜாமீன்தார் விடுபடுவார் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 135ஆம் பிரிவு. ஆனால் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகத்தை வங்கிகள் பெரும்பாலும் ஜாமீன் பத்திரத்திலேயே அச்சிட்டுவிடுகின்றன. ராஜியிலும் அவர் கையெழுத்திட்டுவிட்டாலோ பேச்சுக்கே இடமில்லை. சம்மதத்தின் பேரில் ஆன டிக்ரிக்கு அப்பீல் கிடையாது. அதை நிறைவேற்றக் கோர 12 ஆண்டு அவகாசமும் உண்டு. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்திய நேரமே.

வக்கீல் வழியாக மீண்டும் பேசினோம். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மட்டுமே பழைய தொகை எழும் என்றும், முதலில் கடைச் சரக்கின் மீதே கை வைப்பது என்றும் வங்கி ஒப்புக்கொண்டது. வங்கிக்கும் பணம் வந்தால் போதும், பகை ஒன்றுமில்லை.

மேலும் ஒன்று. டிக்ரிக்குப் பின் நேரில் கட்டும் பணத்தைக் கோர்ட்டில் பதியச் செய்ய வேண்டும். இல்லையேல் 21ஆம் கட்டளை, 2ஆம் விதியின்படி, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு அதைக் கணக்கில் கொள்ளாது. ரசீது மட்டும் போதாது.

இதுவரை 19 தவணை கட்டியாயிற்று. இரு வீட்டாரும் பேசிக்கொள்கிறார்கள். இன்று ஒரே வரிசையில் அமர்ந்தும் இருக்கிறார்கள். சம்மனோ ராஜிக் காகிதமோ வைத்திருப்போர் ஞாயிறு காலையில் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். குஜராத்தி நன்கறிந்த அன்பர் இருவர் வாசித்துச் சொல்ல இசைந்திருக்கிறார்கள்.