உப்புநீர் வழியும் திருக்கோயில்களும்



குடமுழுக்கு விழாவில் தலபுராணம் பேசுதலே வழக்கம். அடியேன் இன்று நீர்வழியொன்றைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். ஓடம் சைவத்துக்கு அயலானதன்று. திருக்கொள்ளம்பூதூரில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் வாராதிருந்த காலையில், திருஞானசம்பந்தப் பெருமான் அடியாருடன் ஓடத்தேறிப் பதிகம் பாட, அதுவே கோலாக ஓடம் அக்கரை சேர்ந்த வரலாற்றை அறிவீர்கள். அதன் நினைவாக அவ்வூரில் ஓடத்திருவிழாவும் நிகழ்கின்றது. ஆயினும் யான் கூறப்புகும் நீர்வழி ஆறன்று, மனிதர் வெட்டியது. பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர்.

கிருஷ்ணையாற்றின் கழிமுகப் பகுதியிலுள்ள பெத்தகஞ்சத்தில் தொடங்கி, சென்னையை ஊடறுத்து, தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீள்வது இது. இவற்றுள் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளன. கடலுக்கு மிக அணித்தாக, பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளாகவே, கரையை ஒட்டிச் செல்கின்றது. கழிமுகங்களை ஒன்றோடொன்று கோத்த மாலை என்றே இதனைச் சொல்லலாம். கடலேற்றத்துக்குத் தக்கபடி நீர் ஏறி இறங்கும். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் கதவுகள் அமைத்து நீர்மட்டத்தைக் காத்தனர். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதற்பகுதி வெட்டப்பட்டது. பணம் இட்டவர் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பின்னர்ப் பழவேற்காட்டு ஏரி வரை அது நீண்டது. 1837இல் அரசினர் அதனைத் தம் கைக்கொண்டு இரு புறமும் நீட்டினர்.

சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி மட்டும் வேறொரு வரலாறு உடையது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிக் கூறிய கொடும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. பசித்தோர்க்கு வேலை கொடுத்துக் கூலி தருவது என்ற முறையில் 1877, 1878 ஆம் ஆண்டுகளில் இப்பகுதி வெட்டப்பட்டது. அந்நாளில் ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய் முழுமைக்கும் சூட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலைகளுக்கு 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்பார் வகுத்த கூலி, ஆண்மகன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் ஆகும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவினும் குறைவு. பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் இதனினும் குறைவு. மண் சுமக்கும் உடலுக்கு இது போதாதென்று அக்காலத்து மருத்துவரே முறையிட்டனர். நம் கோயில்களில் விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த நாடு இது. அந்த எட்டுக் கிலோமீட்டரை வெட்டிய கைகளுக்கு ஒரு கல்லும் இல்லை. ஊரறியாத கோமகனுக்கோ ஒரு கால்வாய் முழுதும் பெயராக நிற்கின்றது. இதனை வன்மத்தால் கூறவில்லை. திருப்பணியில் பெயர் பொறிப்பதைப் பற்றிப் பேசும் இந்நாளில் நினைவுக்கு வந்தமையால் கூறினேன்.

படகுகள் அடிப்பாகம் தட்டையானவை. மூங்கிற்கழி ஊன்றித் தள்ளியும், கரைமேல் நடந்து கயிறு கட்டி இழுத்தும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் அவற்றைச் செலுத்தினர். ஸ்ரீஹரிகோட்டையிலிருந்து விறகும், உப்பளங்களிலிருந்து உப்பும், கழிகளிலிருந்து கிளிஞ்சலும் சென்னைக்கு வந்திறங்கின. அக்கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே சென்னைச் சுவர்களைப் பளிங்குபோல் ஒளிரச் செய்தது. விமானத்துச் சுதைப் பணிக்கும் அத்தகைய சுண்ணாம்பே உரியது என்பதை இங்குள்ள ஸ்தபதியார் அறிவார். பேசின் பாலம், சால்ட் கொட்டார், மயிலைத் தண்ணீர்த்துறைச் சந்தை என்று இன்றும் வழங்கும் பெயர்களெல்லாம் படகு வந்த காலத்தின் எச்சங்களே.

இனி, வழியிலுள்ள பதிகளைக் காண்போம். வடக்கே எண்ணூர்க் கழியைக் கடந்து தெற்கு நோக்கி வருவார்க்கு முதலில் எதிர்ப்படுவது திருவொற்றியூர். மூவராலும் பாடப்பெற்றது; சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம்; பட்டினத்தடிகள் அடங்கிய இடம். எண்ணெய் வாணிகம் புரிந்து, வறுமையுற்ற நாளிலும் இறைவனுக்கு விளக்கெரித்த கலிய நாயனாரும் இவ்வூரினரே. அடுத்து நகரினூடே மயிலாப்பூர். பூம்பாவையின் எலும்பை உயிர்பெறச் செய்த பதிகம் எழுந்த ஊர். அதன்பின் திருவான்மியூர். அங்கே மருந்தீசர் மேற்கு நோக்கி எழுந்தருளியுள்ளார். வேளச்சேரியிலிருந்து வழிபட வந்த அப்பைய தீட்சிதர் மழைநீர் சூழ்ந்தமையால் கோயிலை அணுக மாட்டாது வருந்த, இறைவன் அவர்பால் திரும்பினான் என்பது அவ்வூரார் வழங்கும் செய்தி. தலங்களின் செய்திகளை ஆராய்ச்சியாளர் எவ்வாறு கொள்ளினும், அவ்வூருக்கு மேற்கே தாழ்ந்த நீர்நிலம் கிடந்தது என்பது மட்டும் ஐயமற்றது. கால்வாய் செல்வதும் அம்மேற்குப் புறத்தேதான்.

மாமல்லபுரத்துக்கு நல்ல சாலை அமையாத நாளில் சென்னையார் இரவிலே படகேறி இக்கால்வாய் வழியாகவே சென்றனர். பாரதிதாசனாரின் மாவலிபுரச் செலவு என்னும் பாட்டு அத்தகைய பயணத்தைப் பற்றியதே. மேற்கிலிருந்து நீர்வழியே அணுகுவார்க்குக் குன்றின் உச்சியிலுள்ள சிவாலயம் தோன்றும். பின்னாளில் அதன்மீது விளக்கேற்றிக் கலங்கரை விளக்கமாகவும் பயன்படுத்தினர். குன்றின் கீழ்ப்புறத்தே பாறைப் பிளவில் கங்கை இறங்கும் சிற்பத் தொகுதி உள்ளது. தவம் புரிபவன் அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர் வழக்காடுவர். பிளவினூடே நாகர்கள் கைகூப்பி ஏறுவதையும், இருமருங்கும் உயிர்கள் யாவும் அந்நீரையே நோக்கி நிற்பதையும் காணும் அடியேனுக்குப் பகீரதன் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. முடிவு உங்களுடையது.

கால்வாயின் பிற்கால வரலாற்றை விரிக்க மனம் ஒப்பவில்லை. 1965, 1966 ஆம் ஆண்டுப் புயல்களால் கரைகள் சிதைந்தன, படகுகள் நின்றன. நகருக்குள் சாக்கடை கலந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே நடப்பட்டன. 2008இல் இதனைத் தேசிய நீர்வழி நான்கின் ஒரு பகுதியாகச் சட்டம் அறிவித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோதோ, கைவிடப்பட்ட இப்பள்ளமே பல இடங்களில் பாய்ந்த நீரைத் தன்னுள் வாங்கிக் கடலுக்கே வடித்துவிட்டது. இதற்கு மேற்கேயிருந்த மக்கள் பலர் உயிர் தப்பினர். புரவலர்களே! இராசகோபுரத்துக்கு வண்ணம் தீட்டுகின்றோம். அதன் அடியில் கோயிற்குளத்துக்கு நீர் கொணரும் வாய்க்கால் குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றது. இவ்வாண்டு எஞ்சும் பொருளை அவ்வாய்க்காலைத் தூர் எடுப்பதற்கென ஒதுக்குமாறு அறங்காவலர்களை வேண்டுகின்றேன். வேலை செய்வார்க்கு முழுக்கூலி தரவேண்டும் என்பதையும் சேர்த்தே வேண்டுகின்றேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தையும் பாலாற்று முகத்தையும் கடந்தால் கால்வாய் முடியும் மரக்காணம் வரும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பார் உளர். சோழர் கல்வெட்டுகள் பொறித்த பூமீசுவரர் திருக்கோயில் அங்குண்டு. கோடையில் சென்றால், விடியுமுன்னே உழவாரம் போன்ற நீண்ட பலகைகளால் உப்பை வாரிக் கரையில் குவிப்பாரைக் காணலாம். கதிர் ஏறியபின் அவ்வெண்மையைக் கண் தாங்காது.