நெஞ்சு வலிக்காமலும் வரலாம் மாரடைப்பு

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. 'நெஞ்சு வலித்தால்தானே மாரடைப்பு' என்று அவர்களில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த வலியே வராமல் போகலாம் என்பதுதான் ஆபத்து.

பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் கால் மரத்துப் போகும். இதயத்திற்குச் செல்லும் நரம்புகளும் அப்படியே பழுதடைகின்றன. துடிப்பை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு முதலில் பாதிக்கப்படுவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்திற்கு 100-ஐத் தாண்டலாம். பிறகு, எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மூன்று நிமிடத்திற்குள் மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் அலட்சியம் கூடாது.

வலியை உணர்த்தும் நரம்பும் கெட்டுவிட்டால் மாரடைப்பு ஓசையின்றி வரும். திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணமில்லாத சோர்வு ஆகியவையே அதற்கு அடையாளம். 'வாயுதான்' என்று சுடுநீர் குடித்துப் படுத்துவிடாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று காட்டியது. வலிக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.