பாலோவுக்கும் குளுவாங்குக்கும் நடுவே அரை மணி நேரம்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தம்பிமார்களைத்தான் நான் முதலில் அழைத்திருக்க வேண்டும். இன்றைய பேச்சே உங்களைப் பற்றித்தான். போய்விடாதீர்கள், உங்களைத் திட்ட வரவில்லை. திட்டுவதற்கு வேறு ஆட்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அவர்கள் முறை வரும்.

ஒரு கேள்வி கேட்கிறேன், சத்தமாகப் பதில் சொல்லுங்கள். நம் ஜொகூரில் வேப் விற்கலாமா? விற்கக் கூடாது! எப்போதிருந்து? 2016 ஜனவரி 1 முதல். அன்றைய நம் சுல்தான், இன்றைய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் அவர்கள் போட்ட உத்தரவு. மற்ற மாநிலங்கள் பலவும் தடை போடாத காலத்தில் ஜொகூர் கடைகளை மூடிவிட்டது. சரி, பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது இன்னொரு கேள்வி. இன்று ராத்திரி நம் பாலோவில் ஒரு பையனுக்கு வேப் வேண்டும் என்றால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்? ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? அதோ அந்தத் தம்பி சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் சரியான பதில்.

கடை மூடியது, கைப்பேசி திறந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் விற்றபோது விற்றவன் முகமாவது நமக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் என்னால் மேடையை விட்டு இறங்க முடியாது. வேப் திரவத்தில் இருக்கிற நிக்கோட்டின், 1952-ஆம் வருஷ நச்சுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. நச்சு என்று சட்டமே சொன்னது. 2023 மார்ச் 31-ஆம் தேதி அந்தத் திரவத்துக்குப் பட்டியலிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நடைமுறைக்கு வந்தது எப்போது? ஏப்ரல் 1! நான் கற்பனை செய்யவில்லை ஐயா, அரசாங்கமே தேர்ந்தெடுத்த தேதி. எதற்காக எடுத்தார்கள்? ஒரு மில்லிலிட்டருக்கு 40 காசு வரி வாங்குவதற்காக. வரி வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்ற புதுச் சட்டம், சட்டம் 852, எப்போது அமலுக்கு வந்தது? 2024 அக்டோபர் 1. ஏப்ரலிலிருந்து மறு வருஷம் அக்டோபர் வரை எண்ணுங்கள். பதினெட்டு மாதம்! அந்தப் பதினெட்டு மாதமும் பத்து வயசுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் திரவத்தை விற்றால் தடுப்பதற்கு நாடு தழுவிய சட்டம் ஒன்றும் இல்லை. 40 காசுக்கு அவசரம், பிள்ளைக்கு நிதானம்!

கைதட்ட வேண்டாம், இது கைதட்டுகிற விஷயம் இல்லை. சரி, தட்டிவிட்டீர்கள், அவர்கள் காதிலும் விழட்டும்.

இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார். பேர் சொல்லக் கூடாது என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால் சொல்ல மாட்டேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடிகாலையில் செம்பனைத் தோட்டத்து ரோட்டில் லைட் போட்டுக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவர். ஒரு நாள் வேனைக் கழுவும்போது பின் சீட்டுக்கு அடியில் ஒரு சாமான் கிடக்கிறது. பார்த்தால் பிள்ளைகள் எழுத்துக்கு மேலே கோடு போடுவார்களே, அந்தப் பேனா மாதிரி. பச்சை நிறம். மூடியைத் திறந்தால் மாம்பழ வாசம். ஒட்டுச்சீட்டு இல்லை, கம்பெனி பேர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை. வாய் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் அடைப்பான், அதிலே பல் கடித்த தடம். சின்னப் பல்!

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருப்போம். இவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பேனாவுக்குள்ளே என்ன இருந்திருக்கலாம் என்று பார்ப்போம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2025 ஜூலையில் சிங்கப்பூர் அதிகாரிகள் பிடித்த வேப் நூற்றுச் சொச்சத்தை எடுத்துச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. எட்டோமிடேட் என்றால் ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆளை மயக்க நரம்பில் ஏற்றுகிற மருந்து. மயக்க டாக்டர் பக்கத்தில் நின்று, மூச்சைப் பார்த்து, நாடியைப் பார்த்து, அளந்து கொடுக்க வேண்டியது. அதை மாம்பழ ஜூஸில் கலந்து விற்றிருக்கிறான். 'கேபாட்' என்று அதற்குச் செல்லப் பேர் வேறு! இழுத்தவன் நடைபாதையில் காலை இழுத்துக்கொண்டு போகிறான், கை நடுங்குகிறது, நின்ற இடத்திலேயே சரிகிறான். தொடர்ந்து இழுத்தால் உடம்புக்கு வேண்டிய சுரப்பிநீரே படுத்துவிடும். ஹாங்காங்கில் இதையே 'விண்வெளி எண்ணெய்' என்று விற்றார்கள். அங்கே 2025 பிப்ரவரியில் போதைப்பொருள் பட்டியலில் ஏற்றினார்கள், சிங்கப்பூர் செப்டம்பர் 1-ஆம் தேதி ஏற்றியது. பாலம் தாண்டி வேலைக்குப் போகிற தம்பிமார்களே, காதைக் கொடுங்கள். அங்கே கேபாட் கடத்தினால் மூன்று முதல் இருபது வருஷம் ஜெயில், பிரம்படியும் உண்டு. இழுத்து மறுபடி மறுபடி மாட்டினால் பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 'நண்பன் பையில் போட்டுவிட்டான், எனக்குத் தெரியாது' என்று அங்கே சொல்லிப் பாருங்கள்!

எட்டோமிடேட்டாவது மயக்க மருந்து. இதைவிடக் கொடியது உலகத்தில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. நிட்டசீன். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1950-களில் சுவிட்சர்லாந்து பாசெல் நகரத்தில் சீபா கம்பெனிக்காரர்கள் வலி மருந்தாகச் செய்து பார்த்தார்கள். அபின் வகை, ஆனால் இதற்கு அபினே பயப்படும். வீரியத்தைப் பார்த்து மிரண்டு, மனிதருக்கு மருந்தாக எந்த நாடும் அனுமதிக்கவில்லை. அறுபது வருஷம் போலக் காகிதத்தில் தூங்கிய சரக்கை எவனோ ஒரு புண்ணியவான் எடுத்துக் காய்ச்சிவிட்டான். இன்றைக்கு பிரிட்டனில் கஞ்சா வேப் என்று நம்பி வாங்கியதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் சில வேளை நிட்டசீன் என்று பதில் வருகிறது. ஃபென்டனில் தெரியும், அமெரிக்காவில் வருஷத்துக்குப் பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. நிட்டசீன் குடும்பத்தில் சிலது அதையே மிஞ்சும்.

இழுக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நிறம் இல்லை, மாம்பழ வாசத்தை மீறி ஒரு வாசம் இல்லை. பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 38 பள்ளிக்கூடங்களில் பறித்த 596 வேப்பைச் சோதித்தார்கள். ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்கிற செயற்கைக் கஞ்சா. பள்ளிக்கூடத்தில்! அந்தப் பிள்ளைகள் எல்லாம் போதைக்காரர்களா? பழ வாசத்துக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளும் அதிலே இருந்திருக்கும். நம் நாட்டில் 2022-இல் எடுத்த ஆய்வில் 13 முதல் 17 வயசுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வேப் பிடிக்கிறார்கள் என்று வந்தது. ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் நாலு, ஐந்து பேர். டீச்சர், தலையாட்டுகிறீர்கள், உங்கள் வகுப்பு எனக்குத் தெரியும்.

கலப்படம் நமக்குப் புதுசா? சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை மறந்துவிட்டோமா? 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவுச் சாராயத்தில் மெத்தனால் கலந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சி, கருணாபுரம். அறுபதுக்கும் மேலே. குடித்தவன் குற்றவாளி என்று எல்லாரும் பேசினோம். கலந்தவன் முகத்தை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்?

நம் முன்னோர் அதை ஞாபகம் வைத்திருந்தார்கள் ஐயா! 1946, 47-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. நடத்தியவர் ஏ. எம். சாமி. இடம், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம். சஞ்சிக் கூலிகள் என்று கேலி பேசப்பட்ட ஜனம், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்று வாசலிலே போய் நின்றது. சம்பளத்தைக் கொடுத்த கையாலேயே கள்ளை ஊற்றி வாங்கிக்கொள்கிற முதலாளித் தந்திரம் அவர்களுக்குப் புரிந்தது. படிப்பு கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, துரைக்கு போலீஸ் துணை. தடியடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அந்த ரத்தம்தானே நம் உடம்பிலும் ஓடுகிறது?

ஓடுகிறதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் நம் பக்கத்தில் ஒரு பிரமுகர் இருக்கிறார். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், லாபிஸ் என்று நினைத்தால் லாபிஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பெக்கோக் என்றால் பெக்கோக்காரர்கள். இளைஞர் நலனுக்காகக் கால்பந்துப் போட்டி நடத்தினார். நல்ல காரியம்! ஜெர்சிக்குக் காசு கொடுத்தது யார்? வேப் வியாபாரி. போதை ஒழிப்பு என்று பேனர், பேனருக்குக் கீழே வியாபாரி உட்கார நாற்காலி, நாற்காலிக்கு மாலை! நான் கேட்டேன், 'அண்ணே, இது நியாயமா?' அவர் சொல்கிறார், 'தம்பி, போட்டி நடந்ததா இல்லையா?' நடந்தது அண்ணே, அமோகமாக நடந்தது. கோல்கீப்பர் பையன் பாதி நேர இடைவேளையில் கழிப்பறைக்குப் பின்னால் நின்று ஊதியதை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அடுத்த தேர்தலுக்கு அவர் வந்து கும்பிடுவார், நாமும் சால்வை போடுவோம்... விடுங்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தப் பிரமுகரைப் பற்றிப் பேசினால் இன்றைக்கு ராத்திரி போதாது.

வேன்காரரிடம் வருகிறேன். அந்தப் பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பிள்ளைகளை ஏற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக இறங்குகிற பையன் சீட்டுக்கு அடியில் தேடினான். இவர் வண்டியை ஓரம் கட்டினார். 'யார் கொடுத்தது?' என்று கேட்கவில்லை, 'இழுத்தா உனக்கு என்ன பண்ணுது?' என்று கேட்டார். பையன் அழுதுவிட்டான். ஒரு தடவை இழுத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தலை நிற்கவில்லையாம், கை கால் சொன்னபடி கேட்கவில்லையாம். அம்மாவிடம் சொல்லப் பயம். பிரம்புக்குப் பயம், பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயம். வேன்காரர் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அம்மா முன்னால் நிறுத்தி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, 'இன்னைக்கு அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா, அப்புறம் பேசலாம்' என்றாராம். ரெண்டு மணி நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் காசு யாரும் கொடுக்கவில்லை. பையனைக் கிளினிக்குக்கும் அவரே கூட்டிப்போனார்.

இதற்குத்தான் கைதட்ட வேண்டும். தட்டுங்கள்!

ஏன் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்? பாலோவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. குளுவாங்கில் இருக்கிறது, எஞ்சே புசார் ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரி. ரோடு நன்றாக இருந்து முன்னால் செம்பனை லோரி இல்லாமல் இருந்தால் அரை மணி நேரம். நிட்டசீன் மாதிரி ஒன்று உள்ளே போனால் முதலில் படுப்பது மூச்சு. மூச்சு நின்றால் மூளை தாங்குவது நாலு, ஐந்து நிமிஷம். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறான், குறட்டை வேறு மாதிரி கேட்கிறது, களகள என்று தொண்டையில் தண்ணீர் மாதிரி. அசதியில் தூங்குகிறான் என்று அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். போகாதே அம்மா! தட்டி எழுப்பு. எழும்பவில்லை என்றால் உதட்டைப் பார், நீலம் பாய்ந்திருக்கிறதா? கண் இமையைத் தூக்கிப் பார், கண்பாப்பா ஊசி முனையாகச் சுருங்கியிருக்கிறதா? உடனே 999. ஒருக்களித்துப் படுக்க வை. மூச்சே இல்லை என்றால் 999-க்காரர் போனில் சொல்வார், அதன்படி செய்துகொண்டே இரு. என்ன இழுத்தான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல், அந்தச் சாமானையும் கையோடு எடுத்துப் போ. மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அபின் வகையாக இருந்தால் நலோக்ஸோன் என்று ஓர் ஊசி மருந்து உண்டு, மூக்கில் அடிக்கிற வகையும் உண்டு, போன மூச்சைத் திருப்பும். நிட்டசீனுக்கு ஒரு தடவை போதாமல் மறுபடியும் போட வேண்டி வரலாம். எட்டோமிடேட்டுக்கு அதுவும் கேட்காது, அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று கத்துகிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் நம் அரசாங்கக் கிளினிக் வாசலில் நிற்பேன். நலோக்ஸோன் இங்கே கைவசம் இருக்கிறதா, இல்லையென்றால் வாங்கி வைக்க யாருக்கு எழுத வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கப் போகிறேன். தனியாகப் போனால் ஒரு கிழவன் வந்தான், போனான் என்று எழுதிவிடுவார்கள். யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். பின்வரிசைத் தம்பி, சாவி இல்லாத கையைத் தூக்குங்கள். செயலாளர் ஐயா, பேரை எழுதிக்கொள்ளுங்கள், போன் நம்பரோடு.